பெற்றுக்கொண்டோர் பட்டியல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைத் தெரிந்தவர்கள் சொல்லுவார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணம் முடித்துக் கண்டிப் பக்கம் வந்து, பிலிமத்தலாவையில் வீடு கட்டி, டவுனில் ஒரு பெண்கள் பாடசாலையில் இருபத்தைந்து வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறேன். பிழையான விடைக்கு அரைப் புள்ளி போடுகிற பழக்கம் என்னிடம் இல்லை. பிள்ளைகள் அழுதாலும் போடமாட்டேன். அந்தப் பெருமழைக் கிழமை வரைக்கும் இதை ஒரு பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கிழமையில் மூன்று நாள் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, போன் வேலை செய்தால் அதிர்ஷ்டம். மலையிலிருந்து இறங்குகிற பாதை ஒன்றுகூட முழுதாக இல்லை. புதன்கிழமை விடியப்புறம் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் மேல் விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். எத்தனை பேர், எந்த லயம், ஒன்றும் தெரியாது. தப்பியவர்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று மட்டும் செய்தி வந்தது.

அன்று பின்னேரம் அக்குறணையிலிருந்து ஒரு முஸ்லிம் அண்ணன், நான் நானா என்று கூப்பிடுகிறவர், போனில் பேசினார். மொத்தக் கடை வைத்திருப்பவர். அவருடைய இரண்டு மகள்மாரும் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். அவருடைய கடைக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் ஏறி இறங்கியிருந்தது.

"டீச்சர், பள்ளிவாசலால சாமான் சேத்து ஈக்கிது. லொறியும் ஈக்கிது. அந்தத் தோட்டத்துக்குக் கொண்டு போகோணும். யாருக்கு எவ்வளவு குடுக்கிறதென்டு எங்களுக்கு வெளங்குதில்ல. நீங்க வந்து ஒரு ஒழுங்கு செஞ்சு தாங்க."

"உங்கட கடை என்னாச்சு நானா?"

"கடைய பொறகு பாப்பம் டீச்சர். அவங்களுக்கு வீடே இல்லயே."

நான் ஓம் என்று சொன்னதற்கு ஒரு காரணம் இரக்கம். இன்னொரு காரணத்தையும் மறைக்க விரும்பவில்லை. போர்க்காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு கோயில் மண்டபத்தில் கிடந்தபோது நிவாரணம் கொடுக்க வந்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் மூன்று பெயரில் மூன்று தரம் வாங்கியது. எங்கள் முறை வந்தபோது லொறி காலி. என் கடைசித் தங்கைக்கு அம்மா அன்றைக்குச் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். அப்போது எரிந்த வயிறு எனக்கு இன்னும் ஆறவில்லை. நிவாரணம் என்றால் என் மனதில் முதலில் வருகிற சொல் பசி இல்லை, ஏமாற்று. ஒருவன் இரண்டு தரம் வாங்கினால் இன்னொருவன் வெறுங்கையோடு போவான், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

வியாழக்கிழமை காலையில் லொறியில் நானாவுக்குப் பக்கத்தில் ஏறிக் குந்தினேன். ஒரு மணித்தியாலப் பாதைக்கு நாலு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு இடத்தில் எல்லாரும் இறங்கி மண்ணைத் தள்ளினோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பறை. அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட சனம். சேலையைக் குறுக்கே கட்டிப் பிரித்திருந்தார்கள். ஈர உடுப்பு வாடை மூக்கில் அடித்தது. யாரும் அழவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயத்தைத் தந்தது. சும்மா உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிராம சேவகர் வர முடியவில்லை, அவருடைய வீட்டுப் பாதையே உடைந்துபோயிருந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மட்டும் ஒரு பழைய கொப்பியைக் கொண்டு வந்தார். லயத்தில் ஒன்பது பத்துக் காம்பரா ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும், ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். எந்தக் காம்பராவில் யார் என்று அந்தக் கொப்பியில் இருந்தது. நான் அதைப் பார்த்துப் புதிதாகக் கோடு போட்டேன். லயம், காம்பரா, குடும்பத் தலைவர், ஆட்கள். கடைசி நிரலுக்குத் தலைப்பு 'பெற்றுக்கொண்டார்'. அந்த நிரலில் சரி அடையாளமும் கைநாட்டும். சரி இல்லாமல் ஒரு பொதியும் லொறியை விட்டு இறங்காது என்று நானாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"டீச்சர், இவ்வளவு கட்டாயமா? மழையில நனைஞ்சு நிக்கிற சனம்," என்றார் அவர்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ நானா. எனக்கு வரிசையைப் பற்றித் தெரியும்."

எல்லாம் ஒழுங்காகப் போனது. ஆறாம் லயத்துக்கு வந்தபோது மூன்றாம் காம்பராக்காரி முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும், கொழுந்தெடுக்கிற பெண். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள். அவர்களுடைய லயத்தின் மேல்தான் மலை விழுந்திருந்தது, சத்தம் கேட்டு ஓடியவர்கள் தப்பியிருந்தார்கள். தன் பொதியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மறுபடி கையை நீட்டினாள்.

"நாலாம் காம்பராவுக்கும் குடுங்க டீச்சரம்மா. நான் வாங்கிக்கிறேன்."

எனக்கு உடனே சுருக்கென்று ஏறியது. "அவை எங்கை?"

"அது தன் தங்கச்சி ஊட்டுக்குப் போயிருக்குங்க, கலஹாவுக்கு. அந்தப் புள்ளயும் அதோட மகளும். வந்தா குடுத்துருவேன்."

"போனதை நீங்கள் பாத்தனீங்களோ?"

"சாயங்காலம் துணியெல்லாம் பையில எடுத்து வச்சுக்கிட்டு இருந்துச்சுங்க."

"நான் அதைக் கேக்கேல்லை. போனதைக் கண்ணால கண்டனீங்களோ? காணேல்லையெண்டால் நான் தரமாட்டன். ஆளில்லாத வீட்டுக்குப் பொதி இல்லை."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வரிசை முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆமாங்க, பாத்தேன். முந்தாநேத்து எறங்கிப் போறத என் கண்ணால பாத்தேன்," என்றாள். நான் இன்னொரு முறை கேட்டேன். அதையே சொன்னாள். ஆறாம் லயம், நாலாம் காம்பரா, இரண்டு பேர். சரி போட்டேன். அவள் தன் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள்.

மத்தியானம் மீட்பு வேலைக்கு ஒரு குழு வந்து சேர்ந்தது. மண்வெட்டியும் கயிறும் மட்டும்தான் கொண்டு வந்தார்கள், மெஷின் ஏற முடியாத பாதை. அவர்களுடைய பொறுப்பதிகாரி ஓர் இளம் சிங்களவர், மூன்று நாளாகத் தூங்காத முகம். காணாமல் போனவர்களின் லிஸ்ட் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். கணக்கப்பிள்ளை விழித்தார். சனம் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கியது.

நான் முந்திக்கொண்டு என் கொப்பியை நீட்டினேன். "சரி போட்டிருக்கிற வீட்டுக்காரர் எல்லாரும் பத்திரம். சரி இல்லாததுதான் காணாமல் போனது," என்று நல்ல சிங்களத்தில் சொன்னேன். நான்தான் அப்படிச் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை, யாரும் என்னைச் சொல்லச் சொல்லவும் இல்லை. அவர் விரலை ஓட்டிப் பார்த்தார். சரி விழாதது இரண்டே இரண்டு: ஆறாம் லயத்தின் மறு கோடியில் எட்டாம் காம்பராவும் ஒன்பதாம் காம்பராவும். "பொஹோம ஹொந்தாய், மிஸ்," என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். மிகவும் நல்லது என்று அவர் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் நின்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பொழுது படுவதற்குள் அந்த இரண்டு காம்பராவிலிருந்தும் மூன்று பேரை எடுத்தார்கள். மூவருக்கும் உயிர் இல்லை. திரும்பி வரும்போது லொறியில் நான் நானாவிடம், "பட்டியல் இல்லாட்டில் இதுகளைக்கூட இவ்வளவு கெதியாய் எடுத்திருக்கேலாது," என்றேன். அவர் தன் பாட்டில் ஓதிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மிச்சச் சாமானோடு மறுபடி போனோம். பத்து மணியளவில் பள்ளிக்கூட வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். முப்பது, முப்பத்திரண்டு வயது. முழங்கால் வரை சேறு, ஒரு காலில் மட்டும் செருப்பு. கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்பவர். பஸ் ஓடிய இடத்தில் பஸ்ஸிலும், ஓடாத இடத்தில் நடந்தும் இரண்டு நாளாக வந்திருக்கிறார். ஆறாம் லயம், நாலாம் காம்பரா, மனைவியும் மகளும் என்று சொன்னார்.

நான் கொப்பியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். "ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ தம்பி. உங்கட ஆக்கள் பத்திரம். இஞ்சை பாருங்கோ, சரி போட்டிருக்கு."

அந்த மனிதர் அப்படியே வாசலில் குந்திவிட்டார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானா ஓடிப்போய் ஒரு கோப்பை தேத்தண்ணியும் பணிஸும் கொண்டு வந்து கொடுத்தார். இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லையாம். பணிஸை அவசரம் அவசரமாகத் தின்றார், இன்னொன்று கேட்டு வாங்கினார், நானா ஏதோ கேட்டதற்குச் சிரிக்கக்கூடச் செய்தார். கால் மணித்தியாலம் போயிருக்கும்.

"அப்ப எங்கங்க இருக்காங்க?" என்று எழும்பினார்.

"கலஹாவில. தங்கச்சி வீட்டை."

அவருடைய முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "மச்சினி ஊட்டுலயா? நான் அங்க போயிட்டுத்தானேங்க வாரேன். காலையில அங்கதான் மொதல்ல போனேன். அவங்க அங்க வரவே இல்லைங்க."

கொப்பியை இன்னொரு தரம் பார்த்தேன். சரி இருந்தது. நான் போட்ட சரி, என் நீல மைப் பேனாவால் போட்டது. வேறு எங்கேயாவது ஒதுங்கியிருப்பார்கள், விசாரித்து வருகிறேன், இங்கேயே இருங்கோ தம்பி என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். மூன்றாம் காம்பராக்காரி பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கையில் பிடித்து இழுத்துப் பின்பக்கம் கொண்டு போனேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. அவை போறதைக் கண்டனீங்களோ இல்லையோ?"

அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். "பாக்கலைங்க."

"என்ன?"

"பாக்கலைங்க டீச்சரம்மா. துணி எடுத்து வச்சத மட்டும்தான் பாத்தேன். போயிருக்கும்னுதான் நெனச்சேன், சத்தியமா போயிருக்கும்னுதான் நெனச்சேன். தோட்டத்துல எது குடுத்தாலும் அவ இல்லாட்டி அவ பங்க நான் வாங்குவேன், நான் இல்லாட்டி என் பங்க அவ வாங்குவா. எங்க லயத்துல எல்லாரும் அப்படித்தாங்க. ஆபீசுல விட்டது என்னைக்குங்க திரும்பி வந்திருக்கு? நீங்க கண்ணால பாத்தியான்னு கேட்டீங்க. இல்லைன்னா குடுக்க மாட்டேன்னுட்டீங்க."

அவளுடைய கன்னத்தில் ஓங்கி அறைய வேண்டும் போல எனக்கு இருந்தது. கையைக்கூடத் தூக்கிவிட்டேன். கடவுளே, ஒரு பொதிக்காகப் பொய் சொன்னாளே என்று நெஞ்சு கொதித்தது. அதற்குப் பிறகுதான் புத்தியில் உறைத்தது. இவள் சொன்ன பொய் ஒரு பொதிக்கான பொய். பொதியளவு பொய். அதை உயிரளவாக்கி அந்த அதிகாரியின் கையில் கொடுத்தது நான்.

ஓடினேன். என் வயதில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மழை வழுக்குகிற தேயிலைச் சரிவில் ஓடினேன். இரண்டு தரம் விழுந்தேன். என்ன ஏது என்று தெரியாமல் அந்த மனிதரும் பின்னால் ஓடி வந்து, என்னைத் தாண்டி ஓடினார். மீட்புக்காரர்கள் கயிறுகளைச் சுருட்டி அடுத்த இடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நாலாம் காம்பரா, நாலாம் காம்பரா என்று கத்தினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியாது. அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். மண்வெட்டியை அவரே முதலில் எடுத்தார்.

தோட்டத்து ஆண்கள் வெறுங்கையால் தோண்டினார்கள். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினார். தகரங்களைக் கிழித்து எடுத்தார்கள். இரண்டு மணித்தியாலம். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து அந்த மனிதரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோண்டிக்கொண்டே இருந்தார்.

சுவர் சரிந்து அலுமாரியில் முட்டி நின்றிருந்தது. அந்தச் சந்துக்குள் இரண்டு பேரும் இருந்தார்கள். பிள்ளை உயிரோடு இருந்தாள். ஏழு வயதுப் பெண்பிள்ளை, கண் திறந்துதான் இருந்தது. தாயின் கைக்குள் இருந்து அவளை எடுக்கக் கஷ்டப்பட்டார்கள், தாயின் கை விறைத்துவிட்டிருந்தது. உடுப்புப் பை பக்கத்திலேயே கிடந்தது. பஸ் இல்லை என்று திரும்பி வந்திருக்கிறார்கள், பாவிகள். அந்த மனிதர் மனைவியின் முகத்தில் இருந்த சேற்றைத் தன் சட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்தார், துடைத்தார், நிறுத்தவே இல்லை. நானாதான் போய்த் தோளில் கை வைத்துத் தூக்கினார்.

ஒரு கிழமைக்குப் பிறகு பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருக்க எத்தனையோ சாட்டுத் தேடினேன். கடைசியில் கால்தான் கொண்டுபோய் விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் தகப்பன். மறுபக்கத்தில் நின்று கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தவள் மூன்றாம் காம்பராக்காரி. தன் பிள்ளைகளை யாரிடமோ விட்டுவிட்டு இங்கேயே கிடக்கிறாளாம். என்னைக் கண்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டு கரண்டியால் கஞ்சியைக் கிளறத் தொடங்கினாள்.

தகப்பன் எழும்பி எனக்குக் கதிரையைத் தந்தார். "நீங்க ஓடி வராட்டி இதுவும் இல்லைங்க டீச்சரம்மா. ஒங்கள சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்," என்று கும்பிட்டார். என்னைக் கும்பிட்டார். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

பிள்ளை மூன்றாம் காம்பராக்காரியிடம் சின்னக் குரலில் பேசினாள். "பெரியம்மா, அன்னைக்கு எங்க பக்கத்துல மண்ணு வெட்டுனாங்கல்ல? எங்களுக்குக் கேட்டுச்சு. அம்மா கத்துனாங்க. நானும் கத்துனேன். மழ சத்தமா இருந்துச்சு. பொறகு வெட்டுற சத்தம் போயிருச்சு. அம்மா நாளைக்கு வருவாங்கன்னு சொன்னாங்க."

எட்டும் ஒன்பதும் தோண்டிய சத்தம். வியாழக்கிழமை பின்னேரம். அப்போது தாய் உயிரோடு இருந்திருக்கிறாள்.

தகப்பன் பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கேக்கணும்னே இருந்தேங்க. அந்தக் கோடியில தோண்டுனவங்க ஏன் எங்க காம்பராவ மட்டும் தோண்டல? நீங்க சரி போட்டிருக்குன்னு சொன்னீங்களே. அது என்ன சரிங்க?"

"நிவாரணப் பொதி வாங்கினதுக்குப் போட்ட சரி, தம்பி."

"யாருங்க வாங்குனது?"

பேச்சில் என்னை வெல்ல ஆளில்லை என்று பெயரெடுத்தவள், அந்த இடத்தில் ஊமையாக நின்றேன். அவள் சொல்லட்டும், பழி அவளிடம் போகட்டும் என்று ஒரு நொடி காத்திருந்தேன். அது நடந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான்தான் தம்பி வாங்குனேன். அவ பங்கு போயிரக் கூடாதுன்னு வாங்குனேன். போனத பாத்தேன்னு பொய்யும் சொல்லிட்டேன். இன்னும் பிரிக்கல, அப்படியேதான் வச்சிருக்கேன். என்ன அடி, கொல்லு, என்ன வேணும்னாலும் செய்யி."

தகப்பன் அவளுடைய கையில் கரண்டியை எடுத்துக் கொடுத்தார். "நீங்க வாங்காம வேற யாரு வாங்குவா, அக்கா? அவளா இருந்தாலும் ஒங்களுக்கு வாங்கித்தான் வச்சிருப்பா. புள்ளைக்குக் கஞ்சிய குடுங்க."

என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வகுப்பில் விளங்காத பிள்ளை கேட்பது போலத்தான் கேட்டார்.

"ஆனா நீங்க படிச்சவங்களாச்சே டீச்சரம்மா. பங்கு வாங்குனது வேற, ஆளு இருக்குறது வேறன்னு ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியேல்லை, தம்பி," என்றேன்.